விரற்கடை தூரத்தில் நின்ற கியர்பாக்ஸ்

பாலக்கோட்டிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். தக்காளி ஏற்றும் பிக்கப் வண்டி, இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே இருக்கும் கிளட்ச் பிளேட் தீய்ந்துவிட்டது. சக்கரம் வைத்த டிராலி ஜாக்கியின் தலையில் மாட்டி, கியர்பாக்ஸைத் தாங்கும் தட்டான கியர்பாக்ஸ் அடாப்டர் ஒன்றை மலிவாக வாங்கி, வீட்டு வாசலிலேயே வேலையைத் தொடங்கியிருக்கிறார். இறக்கும்போது சிக்கல் இல்லை. புது பிளேட் போட்டு ஏற்றும்போதுதான் வினை. "கியர்பாக்ஸின் முன்கூடான பெல் ஹவுசிங்குக்கும் இன்ஜினுக்கும் நடுவே ஒரு விரற்கடை இடைவெளி இருக்கிறது. அதற்கு மேல் போக மாட்டேன் என்கிறது. சுற்றிலும் போல்ட்டைப் போட்டு இழுத்துவிடலாமா?"

வேண்டாம். ஒரு எம்10 (10 மி.மீ. விட்ட) போல்ட்டை 45 நியூட்டன் மீட்டருக்கு இறுக்கினால் அது சுமார் 22,000 நியூட்டன் விசையோடு இழுக்கும். இரண்டு டன்னுக்கும் மேல். அப்படி நாலைந்து போல்ட் சேர்ந்து இழுத்தால் இடைவெளி மூடத்தான் செய்யும். ஆனால் அதற்குள் பெல் ஹவுசிங்கின் அலுமினியக் காது விரிசல் விட்டிருக்கும், அல்லது கிளட்ச் பிளேட்டின் நடு ஹப் நெளிந்திருக்கும், அல்லது இன்ஜினின் சுழல்தண்டான கிராங்க் முனையில் இருக்கும் பைலட் பேரிங் நசுங்கியிருக்கும். நெளிந்த பிளேட் பெடலை முழுக்க மிதித்தாலும் இன்ஜினோடு சுழலும் ஃப்ளைவீலை விட்டுப் பிரியாது. ரிவர்ஸ் போடும்போது 'கிர்ர்' என்று கத்தும். மறுபடி எல்லாவற்றையும் இறக்க வேண்டியதுதான்.

கியர்பாக்ஸ் உள்ளே போக மறுப்பது பலம் போதாமல் அல்ல, கோணம் சேராமல். அடாப்டரைத் தூக்கும் கருவி என்று நினைத்து வாங்குகிறோம். அதன் உண்மையான வேலை சாய்ப்பது.

தூக்கும் வேலையை ஜாக்கியே பார்த்துக்கொள்கிறது. சிறிய பிஸ்டன், பெரிய பிஸ்டன், நடுவே எண்ணெய், பாஸ்கல் விதி: எல்லாம் பள்ளியில் படித்ததுதான். இரண்டு டன் ஜாக்கிக்கு 50 கிலோ கியர்பாக்ஸ் ஒரு பொருட்டே இல்லை. ஆனால் ஜாக்கியின் கை நேர் செங்குத்தாக ஏறுவதில்லை, வில் வளைவில் ஏறுகிறது. கையின் நீளம் 400 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். கிடைமட்டத்திலிருந்து 30 பாகை ஏறும்போது தலை 200 மி.மீ. உயர்கிறது, கூடவே கைப்பிடிப் பக்கமாக 54 மி.மீ. பின்வாங்குகிறது. 30-லிருந்து 50 பாகைக்குப் போகும்போது 106 மி.மீ.தான் உயர்கிறது, பின்வாங்குவதோ 89 மி.மீ. மேலே போகப் போக பின்னடைவு கூடுகிறது. சக்கரங்கள் உருண்டு இதை ஈடுகட்ட வேண்டும். மண் வாசலிலும் பொடிக்கல் கிடக்கும் சிமென்ட் தரையிலும் உருளாது. உருளாத ஜாக்கி, கியர்பாக்ஸைத் தன் பக்கம் இழுக்கும். ஆகவே ஜாக்கியின் அடியில் 3 மி.மீ. இரும்புத் தகடு ஒன்றை விரியுங்கள். கைப்பிடி வண்டியின் பின்பக்கம் பார்த்து இருக்கட்டும். ஜாக்கியின் முன் சக்கரங்கள் நேராக மட்டுமே உருளக்கூடியவை, கியர்பாக்ஸ் நுழைய வேண்டியதும் அதே நேர்கோட்டில்தான்.

இனி கோணத்துக்கு வருவோம். பின்சக்கர இழுவை வண்டிகளில் இன்ஜினின் பின்பாரத்தைத் தாங்கும் மவுண்ட் பெரும்பாலும் கியர்பாக்ஸின் அடியில், குறுக்குச் சட்டமான கிராஸ் மெம்பர் மேல்தான் உட்கார்ந்திருக்கும். கிராஸ் மெம்பரைக் கழற்றினால் இன்ஜினின் பின்பக்கம் தாழும். இரண்டாவது ஜாக்கியால் முட்டுக் கொடுத்திருந்தாலும் பழைய கோணம் அப்படியே கிடைக்காது. கியர்பாக்ஸ் மூக்கில் நீட்டிக்கொண்டிருக்கும் இன்புட் ஷாஃப்டோ பிளேட்டின் ஸ்பிளைன் பற்களுக்குள் நுழைந்து, அதையும் தாண்டி பைலட் பேரிங்குக்குள் போய் உட்கார வேண்டும். ஷாஃப்ட் 180 மி.மீ. நீளம் என்றால், ஒரு பாகை தவறினால் அதன் நுனி 3 மி.மீ. தள்ளிப் போய் நிற்கும். பேரிங்கில் இருக்கும் இடைவெளியோ மில்லிமீட்டரில் ஒரு சிறு பின்னம்.

அந்தக் கால் பாகை, அரைப் பாகையைத் திருத்தத்தான் அடாப்டரின் தட்டுக்கு அடியில் திருகுகள் இருக்கின்றன. ஒன்று முன்-பின், இன்னொன்று பக்கவாட்டு. இவ்வளவு எளிய பொருளுக்குள் இவ்வளவு அழகான கணக்கு ஒளிந்திருக்கிறது!

திருகு என்பது தர்மபுரிப் பக்கத்து வத்தல்மலை ஏறும் சரிவுப் பாதையை ஒரு கம்பியைச் சுற்றிச் சுருட்டி வைத்ததுதான். எம்16 திருகை எடுத்துக்கொள்ளுங்கள். மரையின் நடுவிட்டம் 14.7 மி.மீ., ஆகவே ஒரு சுற்றின் பாதை நீளம் சுமார் 46 மி.மீ. அந்த 46 மி.மீ. நடந்தால் ஏறும் உயரம் 2 மி.மீ. மட்டும். சரிவு வெறும் இரண்டரைப் பாகை. எண்ணெய் இல்லாத இரும்பு, இரும்பின் மேல் வழுக்க வேண்டுமென்றால் சரிவு ஏறக்குறைய எட்டரைப் பாகை ஆக வேண்டும். கிரீஸ் தடவினாலும் ஐந்து, ஆறு பாகை தேவை. அதனால்தான் கியர்பாக்ஸ் மேலிருந்து எவ்வளவு அழுத்தினாலும் திருகு தானாகத் திரும்பி இறங்குவதில்லை. கையை எடுத்த இடத்தில் அப்படியே நிற்கிறது. வால்வும் சீலும் பிரேக்கும் இல்லாமல், உராய்வு ஒன்றே காவல். ஜாக்கியின் எண்ணெய் சீல் ராத்திரி முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து தலையைத் தாழ்த்திவிடலாம், திருகு அசையாது. தட்டுதல், அதிர்வு மட்டும் அதற்கு ஆகாது. பக்கத்தில் சுத்தியல் வேலை இருந்தால் லாக் நட்டை இறுக்கிவிடுங்கள்.

திருகு, தட்டின் கீலிலிருந்து 150 மி.மீ. தள்ளி இருக்கிறது என்போம். ஒரு முழுச் சுற்றுக்கு 2 மி.மீ. ஏறினால் தட்டு முக்கால் பாகை சாயும். பெல் ஹவுசிங் 350 மி.மீ. உயரம் என்றால், அதன் மேல் விளிம்புக்கும் கீழ் விளிம்புக்கும் இடையே இந்தச் சாய்வு ஏற்படுத்தும் வித்தியாசம் 4.7 மி.மீ. ஏறத்தாழ ஒரு சுற்றுக்கு ஐந்து மில்லிமீட்டர். இந்த எண்ணைக் கையில் வைத்துக்கொண்டால் ஊகிக்க வேண்டியதே இல்லை. உங்கள் அடாப்டரின் மரையையும் கீல் தூரத்தையும் ஸ்கேலால் ஒருமுறை அளந்து இதே கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

பாலக்கோட்டு வாசகர் செய்ய வேண்டியது இது. அந்த விரற்கடை இடைவெளியை மேல், கீழ், இடம், வலம் என நான்கு இடத்தில் வெர்னியரால் அளக்கவும். மேலே 14, கீழே 9 என்று வந்தால் கியர்பாக்ஸின் வால் தாழ்ந்திருக்கிறது. வால் பக்கம் உயரும்படி முன்-பின் திருகை ஒரு சுற்று. மேலே குறைவு, கீழே அதிகம் என்றால் எதிர்த் திசை. இட வல வித்தியாசத்துக்குப் பக்கவாட்டுத் திருகு உதவாது, ஜாக்கியின் பின்பக்கத்தை ஒரு நூல் நகர்த்த வேண்டும். பக்கவாட்டுத் திருகு, போல்ட் ஓட்டைகள் நேருக்கு நேர் வராமல் பாக்ஸ் சுழன்று நிற்கும்போது பயன்படும். கோணத்தைத் தொட்டால் மூக்கின் உயரமும் மாறும். அதனால் ஒவ்வொரு திருத்தத்துக்குப் பிறகும் கைப்பிடியைச் சிறு அசைவாக அசைத்து உயரத்தைச் சரிபார்க்கவும். முழு அடி அடித்தால் தலை சென்டிமீட்டர் கணக்கில் தாவிவிடும்.

நான்கு அளவும் ஒன்றானபின் வண்டியை டாப் கியரில் போட்டு, பின்சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் ப்ரொப்பல்லர் ஷாஃப்ட் பின்னால் சேரும் வட்டத் தட்டான ஃப்ளாஞ்சைக் கையால் மெல்லத் திருப்புங்கள். ஸ்பிளைன் பல்லோடு பல் முட்டிக்கொண்டிருந்தால் அதிகபட்சம் ஒரு பல் அளவு திரும்பியதும் வழிவிடும். அப்போதும் போகவில்லையா? கிளட்ச் பிளேட் நடுவில் இல்லை என்று பொருள். கிளட்ச் பிளேட்டை ஃப்ளைவீலோடு அழுத்தும் பிரஷர் பிளேட்டை இறுக்கும்போது, இன்புட் ஷாஃப்ட்டுக்குப் பதிலாக நுழைக்கும் டம்மி ஷாஃப்ட் போட்டு மையம் பார்க்காமல் கண்ணளவில் விட்டால் இப்படித்தான் ஆகும். அதை எந்தத் திருகாலும் திருத்த முடியாது. பாக்ஸை இறக்கி, பிரஷர் பிளேட் போல்ட்டுகளைத் தளர்த்தி, டம்மியோடு மறுபடி பூட்ட வேண்டும். ஸ்பிளைனில் கிரீஸ் மெல்லிய பூச்சாக இருந்தால் போதும். அள்ளிப் பூசினால் சுழலும்போது தெறித்து, புது பிளேட்டை முதல் நாளே வழுக்க வைக்கும்.

இன்னொரு தந்திரத்துக்கு இரண்டு போல்ட்டும் ஒரு ஆக்ஸா பிளேடும் போதும். பெல் ஹவுசிங் போல்ட் மரைக்குச் சேரும் இரண்டு நீள போல்ட்டின் தலையை வெட்டி, முனையில் ஸ்க்ரூடிரைவருக்குக் கோடு போட்டு, இன்ஜின் பிளாக்கில் எதிரெதிர் ஓட்டைகளில் திருகுங்கள். ஷாஃப்ட் ஸ்பிளைனைத் தொடும் முன்பே பெல் ஹவுசிங் அவற்றில் நுழைந்துவிடும் அளவு நீளம் வேண்டும். தண்டவாளம் போல அவை வழிகாட்டும். அதைவிட முக்கியமானது, ஜாக்கி சற்று நழுவினாலும் பாக்ஸின் பாரம் பிளேட் ஹப்பின் மேல் தொங்காது. இறக்கும்போதும் கடைசி இரண்டு போல்ட்டுக்குப் பதிலாக இவற்றைப் போட்டுக்கொள்ளலாம்.

மலிவு அடாப்டரில் பலவீனம் எங்கே? தட்டில் இல்லை, அடியிலிருக்கும் குச்சியில். ஜாக்கித் தலையின் கிண்ணமான சேடிலைக் கழற்றிய ஓட்டையில் இது நிற்கிறது. ஓட்டையின் விட்டம் ஜாக்கிக்கு ஜாக்கி மாறும், இடைவெளியை நிரப்ப அடாப்டரோடு வரும் புஷ் சரியாகச் சேராது. 40 மி.மீ. ஆழத்தில் 1 மி.மீ. ஆட்டம் இருந்தால் சாய்வு 1.4 பாகை. அதன் மேல் கால் மீட்டர் உயரத்தில் இருக்கும் ஈர்ப்பு மையம் 6 மி.மீ. ஆடும். திருகால் அரைப் பாகை திருத்தி என்ன பயன், அடியில் ஒன்றரைப் பாகை ஆடினால்? தகரம் சுற்றி அடிக்காதீர்கள். லேத் பட்டறையில் அளவாக ஒரு புஷ் கடைந்து வாங்குவதே வழி.

ஜாக்கியில் 2 டன் என்று போட்டிருக்கும், அடாப்டரில் அரை டன் என்றிருக்கும். கணக்கில் கொள்ள வேண்டியது சிறிய எண். கியர்பாக்ஸைத் தரையில் வைத்து ஒரு ஜி.ஐ. குழாயின் மேல் உருட்டிப் பாருங்கள். இரு பக்கமும் சமமாக நிற்கும் இடத்தில் சாக்பீஸ் கோடு. அந்தக் கோடு அடாப்டர் குச்சிக்கு நேர் மேலே வர வேண்டும். அடாப்டரின் சங்கிலி பாக்ஸைத் தட்டோடு கட்டிப்போடும், ஆனால் ஜாக்கியோடு சேர்ந்து மொத்தமும் கவிழ்வதைத் தடுக்காது. ஜாக்கியின் இடது, வலது சக்கரங்களுக்கு இடையே அகலம் 250 மி.மீ., ஈர்ப்பு மையம் தரையிலிருந்து 500 மி.மீ. என்றால் 14 பாகைச் சாய்வில் கவிழ்ந்துவிடும். வாசல் ஏற்கெனவே ஐந்து பாகை சரிவு என்றால் மிச்சம் ஒன்பதுதான்.

வண்டி நிற்பது நான்கு ஜாக் ஸ்டாண்டில். செங்கலோ ஹாலோ பிளாக்கோ கூடவே கூடாது. கிருஷ்ணகிரிப் பக்கம் கிரானைட் துண்டுக்குப் பஞ்சமில்லை, கல்தானே என்று அடுக்கிவிடுகிறார்கள். கிரானைட்டின் இழுவிசை பலம் அதன் அமுக்க பலத்தில் பத்தில் ஒரு பங்கு அளவுதான். சேஸிஸ் விளிம்பு ஒரே கோட்டில் அழுத்தினால் எச்சரிக்கை இல்லாமல் இரண்டாகப் பிளக்கும். பாலிஷ் போட்ட முகமாக இருந்தால் வழுக்கவும் செய்யும். வேலை தொடங்குமுன் எலுமிச்சம்பழம் வைப்பவர்கள் வைக்கட்டும், ராகு காலம் பார்ப்பவர்கள் பார்க்கட்டும், அதில் யாருக்கும் எலும்பு முறியாது. ஆனால் ராகு காலத்துக்காக ஒன்றரை மணி நேரம் காத்திருந்துவிட்டு, நாலு ஸ்டாண்டில் இரண்டை மட்டும் போட்டு அவசரமாக அடியில் நுழைவதைத்தான் சகிக்க முடியவில்லை. ஓசூரில் இத்தனை வாகன ஆலைகள் இருக்கும்போது, மாவட்டத்தின் ஒவ்வொரு ஐ.டி.ஐ.யிலும் பாதியாக அறுத்த ஜாக்கி ஒன்றைக் காட்சிக்கு வைக்கப் பணம் ஒதுக்கினால் என்ன? உள்ளே என்ன இருக்கிறது என்று ஒருமுறை பார்த்தவர் ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்க மாட்டார்.

இறக்கும் வரிசை தெரிந்ததுதான்: பேட்டரி நெகட்டிவ், ப்ரொப்பல்லர் ஷாஃப்ட் (ஃப்ளாஞ்சில் அடையாளம் போட்டு), வயர்கள், ஸ்டார்ட்டர், கிளட்ச் சிலிண்டர் அல்லது கேபிள். கியர் ஆயிலை முதலிலேயே வடித்துவிடுங்கள், இல்லாவிட்டால் சாய்க்கும்போது வால் வழியாகக் கொட்டும். இன்ஜினுக்கு முட்டு வைக்கும்போது அடியில் இருக்கும் ஆயில் தொட்டியான சம்ப்பின் தகடு நெளியாமல் ஒன்றரை அங்குல மரக்கட்டை நடுவில். இறங்கிய பாக்ஸ் அடாப்டரோடு வண்டிக்கு அடியிலிருந்து வெளியே வராது. ஜாக்கி 140, அடாப்டர் 70, பாக்ஸ் 380 என்று கூட்டினால் உயரம் 590 மி.மீ. ஆகிவிடுகிறது. அடியிலேயே பழைய டயரின் மேல் சரித்து, சாக்கில் இழுத்துக்கொள்ளலாம்.

மறுபடி அந்த விரற்கடைக்கு வருவோம். கோணம் சேர்ந்துவிட்டால் கடைசி இடைவெளியைக் கையால் தள்ளியே மூடலாம். இரண்டையும் நேர்நிறுத்தும் டோவல் பின் நுழையும்போது 'டொக்' என்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தம் வராமல் 3, 4 மி.மீ.யில் நின்றால் டோவலில் துரு இருக்கிறதா, கிளட்ச்சை விடுவிக்கும் ரிலீஸ் ஃபோர்க் இடம் விலகியதா என்று பாருங்கள். போல்ட்டுகள் எல்லாம் விரலால் முழுக்க ஏறி உட்கார்ந்த பிறகு ஸ்பானர் வரட்டும், எதிரெதிராக. கிராஸ் மெம்பரும் மவுண்ட்டும் இறுகும்வரை ஜாக்கியின் வால்வைத் தொட வேண்டாம்.