காமாலை இறங்கினாலும் மாத்திரையை நிறுத்தாதீர்கள்

ஏற்காட்டில் எஸ்டேட் வேலைக்குப் போகும் ஓர் அம்மா. காபிப்பழம் பறிக்கிற நாட்களில் மலையிறங்க முடியாமல் இரண்டு தடவை பரிசோதனைக்கு வரவில்லை. பிறகு மகன் சேலத்துக்குக் கூட்டிவந்தபோது கண் மஞ்சள் பூத்திருந்தது. மஞ்சப்பையிலிருந்து மாத்திரை அட்டைகளை எடுத்து மேசையில் வைத்தார். ஒன்றுகூடப் பிரிக்கவில்லை.

"உடம்பு நல்லாத்தானுங்க இருந்துச்சு. ஸ்டீராய்டு மாத்திரை, மூஞ்சி ஊதிரும்னு அக்கம்பக்கத்துல சொன்னாங்க. நிறுத்திட்டனுங்க."

கல்லீரல் பாதிப்பைக் காட்டும் ரத்தப் பரிசோதனையான எஸ்.ஜி.பி.டி. முன்பு 38 இருந்தது, அன்று 600ஐத் தாண்டியிருந்தது.

அவருக்கு இருப்பது ஆட்டோஇம்யூன் ஹெப்படைட்டிஸ். உடம்பின் நோய் எதிர்ப்பு சக்தி சொந்தக் கல்லீரலையே தாக்குகிறது. பெண்களுக்குத்தான் அதிகம் வருகிறது. கல்லீரல் என்றாலே குடிதான் காரணம் என்று நினைத்து, சொட்டு மது தொடாத பெண்ணைச் சொந்தக்காரர்கள் சந்தேகமாகப் பார்ப்பதை நான் பார்த்திருக்கிறேன். மனசு வலிக்கும்.

இந்த நோய் சில சமயம் தானாகவே கொஞ்சம் அடங்கும், மறுபடி கிளம்பும். அடங்கிய நேரத்தில் கீழாநெல்லி குடித்திருந்தால் அதனால்தான் காமாலை இறங்கியது என்று தோன்றும். உள்ளே கல்லீரல் தழும்பேறிக்கொண்டே போகும். சீந்தில் கொடியிலும் கவனம் தேவை. அதைச் சாப்பிட்டவர்களுக்கு இதே நோயைப் போன்ற கல்லீரல் பாதிப்பு வந்ததை மும்பை மருத்துவர்கள் 2021இல் பதிவு செய்தார்கள்.

1971இல் லண்டனில் கல்லீரல் மருத்துவர் ஷீலா ஷெர்லாக் குழுவினர் வெளியிட்ட ஆய்விலேயே, பிரட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டவர்களிடம் இறப்பு பெருமளவு குறைந்திருந்தது. இன்றும் அதில்தான் தொடங்குகிறோம். முதலில் அளவு கூடுதலாக இருக்கும். பிறகு படிப்படியாகக் குறைப்போம். இரண்டு வாரம் போல ஆனதும் பெரும்பாலும் அசத்தியோபிரின் 50 மி.கி. சேர்ப்போம். ஸ்டீராய்டின் அளவைக் குறைக்கத்தான் இந்த இரண்டாவது மாத்திரை. முக வீக்கம் அளவு குறையக் குறைய வடியும். சர்க்கரை, பிரஷர், எலும்பு மூன்றையும் நாங்கள் கவனித்துக்கொள்வோம்.

அசத்தியோபிரின் வெள்ளை அணுக்களைக் குறைக்கலாம். நம்மவர்களில் சிலருக்குப் பிறவியிலேயே உள்ள மரபணு மாற்றத்தால் மளமளவென்று இறங்கிவிடும், முடியும் கொத்தாகக் கொட்டும். அதனால்தான் ஆரம்பத்தில் அடிக்கடி ரத்தம் பார்க்கச் சொல்கிறோம். காய்ச்சலோ தொண்டைப்புண்ணோ வந்தால் மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போட்டுச் சமாளிக்காமல் அன்றே வாருங்கள். யூரிக் அமிலத்துக்குக் கொடுக்கும் அலோபுரினால், ஃபெபுக்சோஸ்டாட் இரண்டும் இதோடு சேர்ந்தால் ஆபத்து. மூட்டுவலிக்கு யாரிடம் போனாலும் இந்த மாத்திரை அட்டையைக் காட்டுங்கள்.

எப்போது நிறுத்தலாம்? எஸ்.ஜி.பி.டி., ரத்தத்திலுள்ள நோய் எதிர்ப்புப் புரதமான ஐ.ஜி.ஜி. இரண்டும் குறைந்தது 2 வருடம் தொடர்ந்து சரியாக இருந்தால்தான் அந்தப் பேச்சையே எடுப்போம். அப்படி நிறுத்தியும் பாதிப்பேருக்கு மேல் நோய் திரும்புகிறது, பெரும்பாலும் முதல் வருடத்துக்குள். அதனால் பலருக்குச் சிறிய அளவிலாவது மாத்திரை ஆயுளுக்கும் தேவைப்படும். ஸ்டீராய்டைத் திடீரென்று நிறுத்துவதில் இன்னொரு ஆபத்தும் உண்டு: உடம்பு தானே சுரக்கும் கார்ட்டிசோல் என்ற ஹார்மோன் போதாமல் பிரஷர் இறங்கி மயங்கி விழலாம். குழந்தைக்குத் திட்டமிடுகிறவர்கள் முன்கூட்டியே சொல்லுங்கள். அசத்தியோபிரினைத் தொடரலாம், இதே நோய்க்குச் சிலருக்குக் கொடுக்கும் மைக்கோஃபினோலேட் மாத்திரை கூடவே கூடாது.

அந்த அம்மாவுக்கு மறுபடி முதலிலிருந்து தொடங்கினோம். பறிப்பு நாட்களில் ரத்தத்தை ஏற்காட்டிலேயே கொடுத்துவிடுகிறார். மகன் ரிப்போர்ட்டை வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார். போன மாதம் எஸ்.ஜி.பி.டி. 62. இன்னும் இறங்க வேண்டும்.