ஒளிச்சிகிச்சையும் சத்து மாத்திரை அட்டைகளும்

வெண்புள்ளிக்கு ஒளிச்சிகிச்சை, அதாவது தோலில் புற ஊதாக் கதிர் படவைக்கும் வைத்தியம், எடுக்க வருகிறவர்கள் முதல் நாளே கேட்கும் கேள்வி, "சத்து மாத்திரை எதுவும் எழுதவில்லையா, டாக்டர்?" என்பதுதான். எழுதாவிட்டால் வைத்தியத்தில் ஏதோ குறை வைத்துவிட்டேன் என்று முகம் வாடிவிடுகிறது. பலர் நான் எழுதும்வரை காத்திருப்பதும் இல்லை. பையைக் கவிழ்த்தால் பி12, ஃபோலிக் அமிலம், வைட்டமின் டி, முடிக்கும் தோலுக்கும் நல்லது என்று விற்கும் பயோட்டின் என நான்கைந்து அட்டைகள் விழும்.

வெண்புள்ளி தொழுநோய் அல்ல, தொற்றவும் செய்யாது. உடலின் எதிர்ப்பாற்றலே நிறமி அணுக்களைத் தாக்குவதால் வருவது. சத்துக் குறைவால் வந்தது, சத்தை ஊட்டினால் போய்விடும் என்ற கணக்கு முதலிலேயே தப்பு.

பி12, ஃபோலிக் அமிலம் என்ற ஜோடிக்கு இவ்வளவு மவுசு வந்ததற்கு ஒரு காரணம் உண்டு. 1997இல் ஸ்வீடனில் 100 பேருக்கு இவ்விரண்டையும் கொடுத்து, வெயிலிலும் நிற்கச் சொன்னார்கள். 52 பேருக்கு நிறம் ஓரளவு திரும்பியது. ஆனால் மாத்திரை இல்லாமல் வெயில் மட்டும் பட்டவர்களோடு ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. 2002இல் நெதர்லாந்தில் அந்த ஒப்பீட்டைச் செய்தார்கள். 27 பேருக்கு ஓராண்டு ஒளிச்சிகிச்சை; ஒரு பிரிவுக்கு மாத்திரையும் சேர்த்து, மற்றதற்கு மாத்திரை இல்லாமல். இரண்டு பிரிவிலும் நிறம் திரும்பியது, மாத்திரையால் கூடுதல் பலன் ஏதும் இல்லை. ஸ்வீடன் ஆய்வை நடத்தியவரே இதிலும் ஓர் ஆசிரியர். தான் கிளப்பிய நம்பிக்கையைத் தானே கலைக்கும் ஆய்வில் கையெழுத்திட்ட அவரை எனக்குப் பிடிக்கும். மருந்துக்கடை அலமாரிக்குத்தான் அந்தச் சேதி இன்னும் எட்டவில்லை.

அதற்காக பி12 வேண்டாம் என்று சொல்லவில்லை. வெண்புள்ளி உள்ளவர்களிடம் தைராய்டு கோளாறும், பி12 உடலில் சேராமல் போகும் ஒருவகை ரத்தசோகையும் மற்றவர்களைவிடக் கூடுதலாகக் காணப்படுகின்றன. சைவ உணவுக்காரர்களுக்குக் குறைவு இன்னும் சகஜம். ரத்தத்தில் பார்த்து, குறைந்திருந்தால் கொடுக்க வேண்டியதுதான். பார்க்காமல் ஃபோலிக் அமிலத்தை மட்டும் விழுங்கிக்கொண்டிருந்தால் ரத்தசோகை சரியானதுபோலத் தெரியும், பி12 குறைவோ உள்ளே நரம்பைக் கெடுத்துக்கொண்டிருக்கும். கருத்தரிக்கத் திட்டமிடும் பெண்கள் கதை வேறு. புற ஊதாக் கதிர் ஃபோலேட்டைச் சிதைக்கக்கூடியது என்பதால் அவர்களுக்கு ஃபோலிக் அமிலத்தை நானே எழுதித் தருகிறேன்.

வைட்டமின் டி பொடியை வாரம் ஒன்றாக, 60,000 யூனிட் கணக்கில், மாதக்கணக்காகச் சாப்பிடுகிறவர்கள் உண்டு. அது குறிப்பிட்ட சில வாரங்களுக்கான அளவு. நாங்கள் வைக்கும் 311 நானோமீட்டர் புற ஊதா ஒளியே தோலில் வைட்டமின் டியை உண்டாக்குகிறது. அளவு மீறினால் ரத்தத்தில் கால்சியம் ஏறி வாந்தி, மலச்சிக்கல், தீராத தாகம், கடைசியில் சிறுநீரகம் என்று போகும்.

பயோட்டின் தரும் தொல்லை வேறு விதம். சேலத்து நகைக்கடை ஒன்றில் கணக்கு எழுதும் பெண்ணுக்குத் தைராய்டு மிகையாகச் சுரப்பதாக முடிவு வந்தது. ஆனால் படபடப்பு இல்லை, எடை குறையவில்லை, கை நடுங்கவில்லை. "முடி கொட்டுகிறது என்று ஏதாவது சாப்பிடுகிறீர்களா அம்மா?" என்று கேட்டேன். 10 மில்லிகிராம் பயோட்டின் அட்டையை எடுத்துக் காட்டினார். ஒரு நாளைக்கு உடலுக்குத் தேவை ஏறக்குறைய 30 மைக்ரோகிராம்தான். அவர் சாப்பிட்ட அளவுக்குப் பயோட்டின் ரத்தத்தில் இருந்தால் சில பரிசோதனை முறைகள் ஏமாந்துபோகும். நிறுத்திவிட்டு மறுபடி பார்த்ததில் தைராய்டு சரியாகவே இருந்தது.

ஆல்ஃபா லிபோயிக் அமிலம், வைட்டமின் சி, ஈ கலந்த மாத்திரைக்குக் கொஞ்சம் ஆதரவு உண்டு. ரோமில் நடந்து 2007இல் வெளியான சிறிய ஆய்வொன்றில், ஒளிச்சிகிச்சைக்கு இரண்டு மாதம் முன்பே தொடங்கியவர்களுக்கு நிறம் கூடுதலாகத் திரும்பியது. வசதி இருப்பவர் சாப்பிடட்டும், தடுக்கமாட்டேன். கடன் வாங்கிச் சாப்பிட வேண்டிய பொருள் அல்ல.

மாத்திரையைவிட எனக்குப் பயம் கார்போகரிசி என்ற நாட்டு மருந்து விதை. நலங்கு மாவிலும் குளியல் பொடியிலும் சேர்ப்பார்கள். வெள்ளையான இடத்தில் அரைத்துப் பூசச் சொல்கிறவர்களும் உண்டு. அதிலுள்ள சோராலின் என்ற வேதிப்பொருள் தோலை வெளிச்சத்துக்கு மிகவும் கூச்சப்படும்படி ஆக்கிவிடும். ஏற்காட்டுக் காபித் தோட்டத்துப் பெரியவர் ஒருவர் அதைப் பூசிக்கொண்டு, பழம் காயவைக்கும் களத்தில் பகல் முழுக்க நின்றிருக்கிறார். மலைக் காற்று குளிர்ச்சியாக இருந்ததால் சூடு தெரியவில்லை. ஏற்காடு ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரம், புற ஊதாக் கதிர் அங்கே கீழே இருப்பதைவிட அதிகம். மறுநாள் இரண்டு முன்கைகளிலும் கொப்புளம். வீட்டாரோ எங்கள் இயந்திரத்தைத்தான் திட்டினார்கள்.

நிறத்தைக் கொண்டுவருவது ஒளிதான். அதுவும் மெதுவாக, மயிர்க்கால்களைச் சுற்றி, கேழ்வரகு தூவியதுபோலப் பழுப்புப் புள்ளிகளாக வரும். முகமும் கழுத்தும் சீக்கிரம் கேட்கும். விரல் நுனியும் பாதமும் அடம்பிடிக்கும். முடியே வெளுத்துப்போன இடத்தில் நம்பிக்கை குறைவு. வாரம் இரண்டு மூன்று முறை, அடுத்தடுத்த நாள் இல்லாமல் வர வேண்டும். 48 முறையாவது வைத்துப் பார்க்காமல் பலனில்லை என்று முடிவு கட்டக் கூடாது.

ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையிலிருந்து வருகிறவருக்கு ஒவ்வொரு முறையும் 20 கொண்டை ஊசி வளைவு, பஸ் கட்டணம், ஒரு நாள் கூலி. மாத்திரை வீட்டிலேயே கிடைக்கிறது; ஆகவே அதைத் தவறாமல் போட்டுக்கொண்டு, ஒளிக்கு வருவதை விட்டுவிடுகிறார்கள். மாதாமாதம் அட்டைக்குக் கொடுக்கும் பணத்தை பஸ்ஸுக்குக் கொடுங்கள் என்று வெளிப்படையாகவே சொல்கிறேன்.

இடையில் விட்டுப்போனால் வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். ஒரு வாரத்துக்குள் என்றால் ஒளியைப் பழைய அளவிலேயே வைப்போம். 8 முதல் 14 நாள் ஆகிவிட்டால் கால் பங்கு குறைப்போம், 15 முதல் 21 நாள் என்றால் பாதி. மூன்று வாரம் தாண்டினால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். கடைசியாக வந்த தேதியை இயந்திரத்தருகே நிற்பவரிடம் உள்ளே போகும் முன்பே சொல்லிவிடுங்கள்.