கேம்பிட்: பலியல்ல, இடறு

சேலத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் சிறுவர்களுக்கான சதுரங்கப் போட்டி. ஏற்காட்டிலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளும் இறங்கி வந்திருந்த ஒரு சிறுமி, ஜெயித்த கையோடு ஆட்டத்தைக் குறித்த தாளைத் தாத்தாவிடம் காட்டினாள்.

"ஏன் கண்ணு, ரெண்டாவது நகர்த்தல்லயே சிப்பாயைச் சும்மா வெட்டக் குடுத்துட்டயே?"

"அது கேம்பிட் தாத்தா."

"அப்படின்னா?"

அவள் என்னைப் பார்த்தாள். ஆட்டத் தொடக்கத்திலேயே ஒரு காயை, பெரும்பாலும் சிப்பாயை, வெட்டக் கொடுத்து ஆதாயம் தேடுவதுதான் கேம்பிட். விளையாடத் தெரிந்த அந்தச் சொல்லுக்குப் பொருள் சொல்லத் தமிழில் வார்த்தை இல்லை. அந்தக் குறை எனக்கு நெடுநாளாக உறுத்துகிறது.

இத்தாலிய மொழியில் 'காம்பா' என்றால் கால். அதிலிருந்து வந்த 'காம்பெத்தோ', மல்யுத்தத்தில் காலைத் தட்டி ஆளைச் சாய்ப்பது. ஸ்பெயின் பாதிரியார் ரூய் லோபஸ் 1561-இல் எழுதிய சதுரங்க நூலில் இதை ஆட்டத்தின் தொடக்கத்துக்குப் பயன்படுத்தினார்.

ஆகவே 'பலி' என்று மொழிபெயர்ப்பது சரியாகாது. பலி கொடுத்தது திரும்பாது. சிறுமி ஆடிய குயின்ஸ் கேம்பிட்டில் சிப்பாய் பெரும்பாலும் திரும்பிவிடும். எழுத்தும் எண்ணும் சேர்ந்தால் பலகையில் ஒரு கட்டத்தின் பெயர்: வெள்ளை டி4, கறுப்பு டி5, வெள்ளை சி4. எதிரே இருந்த பையன் வெட்டினான்; அவள் இ3 ஆடினாள். வெட்டியதை விட மனமில்லாமல் அவன் பி5 என்று முட்டுக் கொடுத்தான். அவள் ஏ4, அவன் சி6. பி5-இல் சிப்பாய்கள் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டன. உடனே ராணி எஃப்3-க்கு வந்தாள். மூலைவிட்டம் முழுக்கத் திறந்து கிடக்க, கடைசிக் கட்டத்தில் யானை. அதைக் காப்பாற்றினால் குதிரையோ மந்திரியோ போகும். ஒரு சிப்பாயைப் பிடித்துக்கொண்டதற்கு அந்த விலை.

'காலை வாருதல்' நம் பேச்சில் தயாராக இருக்கிறது. ஆனால் அதில் நம்பிக்கைத் துரோகத்தின் வாடை உண்டு. இதுவோ பலகையில் பட்டவர்த்தனமாக வைக்கப்படும் காய். அதனால் 'இடறு' என்பதே என் தேர்வு. கால் அதற்குள்ளேயே இருக்கிறது, சொல்லவும் சுருக்கம். குயின்ஸ் கேம்பிட் 'ராணி இடறு'. சிப்பாயை வெட்டினால் 'இடறு ஏற்பு', வெட்டாமல் விட்டால் 'இடறு மறுப்பு'. 1851-இல் லண்டனில் ஜெர்மானிய ஆட்டக்காரர் ஆண்டர்சன் இரண்டு யானைகளையும் ராணியையும் கொடுத்து வென்ற ஆட்டம் 'ராஜா இடறு'வில், அதாவது கிங்ஸ் கேம்பிட்டில், தொடங்கியது. பின்னால் கொடுத்த அந்தப் பெரிய காய்களைத்தான் பலி என்று சொல்ல வேண்டும்.