வேடியப்பனுக்கும் ஒரு பெயர் உண்டு

திருவண்ணாமலை மாவட்டத்தில் செங்கம், தண்டராம்பட்டுப் பக்கம் போனால் ஏரிக்கரையிலும் கொல்லை ஓரத்திலும் வில்லும் வாளும் ஏந்திய வீரனைச் செதுக்கிய பலகைக் கற்களைப் பார்க்கலாம். ஊர்க்காரர்களுக்கு அவர் வேடியப்பன். பொங்கல் வைத்துக் கும்பிடுவார்கள். கல்வெட்டு படிக்கும் எங்களுக்கு அது நடுகல், சண்டையில் உயிர்விட்ட வீரனுக்கு நட்ட நினைவுக்கல். இரண்டும் ஒன்றுதான் என்று ஊருக்குப் புரிய வைப்பது என் வேலையில் பாதி.

எடுத்தனூர் கல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டில், 7ஆம் நூற்றாண்டில் நட்டது. எருமைகளைக் காக்கப் போய் உயிரைவிட்டவன் கருந்தேவக்கத்தி. கள்ளரைக் கடித்துக் காத்து நின்ற நாய் கோவிவன். நாயின் உருவமும் பெயரும் அந்தக் கல்லிலேயே இருக்கின்றன. இன்றைக்கும் அதைப் படிக்கும்போது எனக்கு நெஞ்சு கனக்கும். தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006இல் தமிழ்ப் பல்கலைக்கழகக் குழு கண்டெடுத்த கற்கள் இதைவிடப் பல நூற்றாண்டு பழையவை. தமிழின் மிகப் பழைய எழுத்தான தமிழியில் பொறித்தவை. அவற்றில் ஒன்று ஆநிரை, அதாவது மாட்டு மந்தை கவர்ந்த சண்டையைச் சொல்கிறது.

இப்படிப்பட்ட கற்களை அழிப்பது பகையல்ல, பெரும்பாலும் பக்திதான். ஒரு ஊரில் உள்ளூர் வரலாற்று ஆர்வலர்களோடு கள ஆய்வுக்குப் போனோம். திருவிழாவுக்காகக் கல் முழுக்க எனாமல் பெயிண்ட் அடித்திருந்தார்கள். தலைமாட்டில் வட்டெழுத்து என்ற பழைய எழுத்தில் இருந்த வரிகள் பாதி அதற்குள் மூழ்கிவிட்டன. உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிட்டால் எழுத்தே போய்விடும். அடுத்த ஊரில் சாலையை அகலப்படுத்தியபோது பொக்லைன் புரட்டிப்போட்ட கல், பிறகு கிடைக்கவே இல்லை.

அதனால் எந்த ஊருக்குப் போனாலும் முதலில் பூசாரியிடமும் பெரியவர்களிடமும் உத்தரவு கேட்போம். அவர்கள் சொல்லும் கதையையும் எழுதிக்கொள்வோம். அப்புறம் தண்ணீரும் மெல்லிய பிரஷ்ஷும் மட்டும். ஈரத்தாளைக் கல்லில் ஒட்டி, பிரஷ்ஷால் தட்டித் தட்டி எழுத்துப் பள்ளத்துக்குள் இறக்கி, பாதி காய்ந்ததும் மை ஒற்றுவோம். கறுப்புத் தாளில் எழுத்து வெள்ளையாக எழும். இதுதான் மைப்படி. இது தெரியாதவர்கள் செய்ய வேண்டாம். இருட்டிய பிறகு செல்போன் டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்துப் படமெடுத்தாலே போதும், நிழலில் எழுத்து தெரியும். சுண்ணாம்போ சாக்பீஸோ தடவ வேண்டாம்.

எங்கள் பக்கத்தில் திருவண்ணாமலை மாவட்ட வரலாற்று ஆய்வு நடுவம் போன்ற அமைப்புகள் இந்த வேலையைச் செய்துவருகின்றன. சில பள்ளிகளில் தொன்மைப் பாதுகாப்பு மன்றங்களும் இருக்கின்றன. உங்கள் ஊரில் இப்படி ஒரு கல் இருந்தால், இடத்தைவிட்டு நகர்த்தாமல், படத்தோடு அவர்களுக்கோ தொல்லியல் துறைக்கோ சொல்லுங்கள். கல் நிற்கும் இடமும் வரலாற்றின் ஒரு பகுதி. அருங்காட்சியகத்துக்குக் கொண்டுபோவதை, வேறு வழியே இல்லாதபோது மட்டும்தான் நான் ஒப்புக்கொள்வேன்.

அந்த எனாமல் ஊரில், பெயிண்ட் படாமல் மிஞ்சிய வரிகளைக் கூட்டத்துக்கு நடுவே சத்தமாகப் படித்தேன். தொறு மீட்டுப் பட்டவனின், அதாவது மாட்டு மந்தையை மீட்டு உயிர்விட்டவனின் பெயர் வந்ததும் ஒரு பாட்டி முன்னால் வந்தார். "எங்க வேடியப்பனுக்குப் பேர் இருக்கா சார்? இன்னொரு தடவை சொல்லுங்க." சொன்னேன். பூசாரி அதைத் தன் பேரனின் நோட்டில் எழுதச் சொன்னார். அடுத்த வருடத் திருவிழாவுக்கு அந்தக் கல்லுக்குப் பெயிண்ட் அடிக்கவில்லை. பக்கத்தில் ஒரு பலகையில் அந்தப் பெயரை எழுதி, அதற்கு மாலை போட்டிருந்தார்கள்.