அன்சப்போர்ட்டட்: தாங்காததா, பேணாததா?

பழைய கணினியில் புதிய இயங்குதளத்தை நிறுவ முற்படும் எவரும் முதலில் எதிர்கொள்ளும் சொல் 'அன்சப்போர்ட்டட்'. தமிழ் இடைமுகங்களில் இது பெரும்பாலும் 'ஆதரிக்கப்படாத' என்றும் சில இடங்களில் 'ஆதரவற்ற' என்றும் வருகிறது. ஆதரவற்றவர் என்றால் தமிழில் கவனிக்க ஆளில்லாதவர் என்று பொருள். ஆகவே 'ஆதரவற்ற நுண்செயலி' என்று திரையில் படிப்பவருக்கு இரக்கம் தோன்றலாமே தவிர, அந்த நுண்செயலியில் என்ன குறை என்பது விளங்காது. 'ஆதரிக்கப்படாத' என்பது இலக்கணப்படி பிழையற்றது. ஆனால் எதை எது ஆதரிக்கவில்லை என்ற கேள்வியை அது விடையின்றி விட்டுவிடுகிறது. அந்தக் கேள்விக்கு விடை தெரியாமல் ஒரு கணினியைத் தூக்கி எறிவதா, வைத்துக்கொள்வதா என்று யாரும் முடிவெடுக்க முடியாது என்பதால், இச்சொல்லைப் பிரித்துப் பார்ப்பது அவசியமாகிறது.

'சப்போர்ட்' இலத்தீனில் பிறந்து, பழைய பிரெஞ்சு வழியாக 14ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆங்கிலத்துக்கு வந்த சொல். அதன் முன்பகுதியான 'சப்' கீழே என்றும், பின்பகுதியான 'போர்த்தாரே' சுமத்தல் என்றும் பொருள்படும். சுமை தூக்குபவரை நாம் போர்ட்டர் என்பதிலும், சரக்கு கொண்டுசெல்வதை டிரான்ஸ்போர்ட் என்பதிலும் இருப்பது இதே வேர்தான். எனவே சொல்லின் மூலப்பொருள் கீழிருந்து சுமப்பது. பின்னர் அது பணம் கொடுத்து உதவுவது, பக்கம் நிற்பது, வாங்கிய பொருளுக்கு விற்றவர் துணையிருப்பது என்று விரிந்தது. விரிந்த பொருள்களில் திசை மாறிவிட்டதைக் கவனிக்க வேண்டும். தூண் கூரையைச் சுமக்கும்போது தாங்குவது கீழே இருக்கிறது. புரவலர் ஒருவரைக் காக்கும்போது காப்பது மேலே இருக்கிறது.

கணினித் துறை இவ்விரண்டு திசைகளையும் ஒரே சொல்லால் குறிப்பதுதான் குழப்பத்தின் தொடக்கம். 'இந்த லேப்டாப் விண்டோஸ் 11ஐ சப்போர்ட் பண்ணாது' என்று நாம் பேச்சில் சொல்லும்போது எழுவாய் லேப்டாப். கீழே இருக்கும் வன்பொருள் மேலே இருக்கும் மென்பொருளைச் சுமக்காது என்கிறோம். 'விண்டோஸ் 11 இந்த லேப்டாப்பை சப்போர்ட் செய்யாது' என்று ஆவணம் சொல்லும்போது எழுவாய் இயங்குதளம். மேலிருந்து காக்க வேண்டியவர் காக்கமாட்டார் என்று அது சொல்கிறது. முதல் வாக்கியம் ஒரு பொருளின் திறனைப் பற்றியது. இரண்டாவது வாக்கியம் ஒரு நிறுவனத்தின் பொறுப்பைப் பற்றியது.

தமிழில் முதல் பொருளுக்குத் தேடி அலைய வேண்டியதே இல்லை. மக்கள் ஏற்கெனவே சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். 'இந்த மெஷின் அதையெல்லாம் தாங்காது' என்பது அன்றாடம் கேட்கும் வாக்கியம். சுமைதாங்கி, இடிதாங்கி என்ற சொற்களில் இருக்கும் 'தாங்கு' என்ற வினை, சுமத்தல், பொறுத்தல், தடுத்து நிற்றல் ஆகிய மூன்றையும் தன்னுள் கொண்டது. அது அளவையும் அனுமதிக்கும்: முழுவதும் தாங்கும், ஓரளவு தாங்கும், கொஞ்ச நேரம் தாங்கும் என்று சொல்ல முடியும். நினைவகம் குறைந்த கணினி உலாவியில் பத்துத் தாவல்கள் திறந்ததும் திணறுவதை இதைவிடப் பொருத்தமாக வேறு சொல் சொல்லாது. 'இயங்குதளம்' என்று நாம் வைத்த பெயரிலும் இதே பார்வை உண்டு. தளம் என்பது மேலே உள்ளதைத் தாங்குவது, அது தானும் ஒன்றின்மீது நிற்பது.

இரண்டாம் பொருளுக்கு இப்போது வழங்கும் 'ஆதரவு' எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் வியப்பான செய்தி கிடைக்கிறது. வடமொழியில் 'ஆதர' என்றால் மதிப்பு, அக்கறை. அதன் வழிவந்ததே 'ஆதரி'. 'ஆதாரம்' என்பது வேறொரு வேரிலிருந்து வந்தது. தாங்கி நிற்பது என்பது அதன் நேர்ப்பொருள். ஆகவே 'சப்போர்ட்' என்பதன் மூலப்பொருளுக்கு வேர்ப்பொருளால் மிக நெருங்கியது 'ஆதாரம்'தான். ஆனால் அது தமிழில் சான்று என்ற பொருளில் ஊன்றிவிட்டதால் அதை இனிப் பெயர்த்து நடுவது பயன்தராது. 'ஆதரவு' அக்கறையைக் குறிக்கப் பிறந்த சொல் என்பதால் இரண்டாம் பொருளுக்குப் பொருந்தவே செய்கிறது. எனினும் அது தேர்தல் ஆதரவு, மன ஆதரவு என்று பல இடங்களில் பரவிவிட்டதாலும், எதிர்மறையில் அநாதை என்ற பொருளைத் தருவதாலும், இங்கே வேறொரு சொல் வேண்டியிருக்கிறது.

அந்தச் சொல் 'பேணு' என்பது என் துணிபு. பெற்றோரைப் பேணுதல், உடலைப் பேணுதல், பயிரைப் பேணுதல் என்னும்போது, அவ்வினை மதித்தலையும் காத்தலையும் தொடர்ந்து கவனித்தலையும் ஒருங்கே குறிக்கிறது. ஒருநாள் செய்து முடிப்பது பேணல் ஆகாது. தொடர்ச்சி அதன் உயிர். ஓர் இயங்குதள நிறுவனம் மாதந்தோறும் பாதுகாப்புத் திருத்தம் அனுப்புவதும், பழுது சொன்னால் கேட்பதும், புதிய பதிப்பைக் குறிப்பிட்ட வன்பொருளில் சோதித்துப் பார்ப்பதும் பேணல்தான்.

இப்போது இரண்டு கணினிகளை அருகில் வைத்துப் பார்க்கலாம். ஒன்று, 2006இல் வெளிவரத் தொடங்கிய கோர் 2 டுவோ வகை நுண்செயலி கொண்டது. மற்றொன்று, 2012இல் வந்த ஐவி பிரிட்ஜ் தலைமுறையைச் சேர்ந்த நுண்செயலி கொண்ட என் மடிக்கணினி. 2021 அக்டோபர் 5 அன்று வெளியான விண்டோஸ் 11க்கு 4 ஜிபி நினைவகம், 64 ஜிபி சேமிப்பிடம், டிபிஎம் 2.0 பாதுகாப்புச் சில்லு, இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய நுண்செயலி ஆகியவை வேண்டும். அப்பட்டியலின்படி இரண்டு கணினிகளும் 'அன்சப்போர்ட்டட்'. ஒரே சொல், ஒரே செய்திப் பெட்டி.

ஆனால் விண்டோஸ் 11க்கு 2024இல் வந்த 24எச்2 பதிப்பை நிறுவினால் இரண்டும் பிரிந்துவிடும். அப்பதிப்பின் கருநிரல், அதாவது வன்பொருளோடு நேரடியாகப் பேசும் அதன் மையப் பகுதி, 'பாப்சிஎன்டி' என்ற கட்டளையைப் பயன்படுத்துகிறது. ஓர் இரும எண்ணில் எத்தனை ஒன்றுகள் உள்ளன என்று எண்ணிச் சொல்வது மட்டுமே அக்கட்டளையின் வேலை. 10110010 என்று கொடுத்தால் 4 என்று விடை தரும். இன்டெல் நுண்செயலிகளில் இது 2008இல் வந்த நெஹேலம் தலைமுறையிலிருந்துதான் உண்டு. கோர் 2 டுவோவுக்கு இக்கட்டளை தெரியாது. தெரியாத கட்டளை வந்ததும் நுண்செயலி பிழையை எழுப்பும், கருநிரலுக்கு மேலே அதைக் கையாள யாரும் இல்லை, எனவே கணினி இயங்குதளத்துக்குள் நுழையாமலே மீண்டும் மீண்டும் தொடங்கிக்கொண்டிருக்கும். எந்தத் தந்திரத்தாலும் இதைக் கடப்பது எளிதன்று. இது தாங்காத கணினி.

என் மடிக்கணினிக்கு அக்கட்டளை தெரியும். வன்தட்டை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி பொருத்தி, நினைவகத்தை 8 ஜிபி ஆக்கி, மைக்ரோசாஃப்ட்டே 2021இல் வெளியிட்ட பதிவேட்டு மாற்றத்தை (விண்டோஸின் உள்அமைப்புகள் சேமிக்கப்படும் 'ரெஜிஸ்ட்ரி'யில் செய்யும் மாற்றம்) செய்து மேம்படுத்தலைத் தொடங்கினேன். நிறுவல் நடுவில் ஓர் அறிவிப்பு எழுந்தது: இக்கணினி தேவைகளை நிறைவு செய்யவில்லை, தொடர்ந்தால் புதுப்பிப்புகளைப் பெறும் உரிமை இதற்கு இருக்காது, பொருந்தாமையால் வரும் சேதத்துக்கு உத்தரவாதம் பொருந்தாது என்பது அதன் சாரம். ஒப்புக்கொண்டேன். இயங்குதளம் ஏறியது, எழுத்து வேலை, உலாவல், காணொலி அனைத்தும் நடக்கின்றன. மாதாந்திரத் திருத்தங்களும் வருகின்றன. ஆனால் ஆண்டுக்கொரு முறை வரும் பெரிய பதிப்பு தானாக வருவதில்லை. ஒவ்வொரு முறையும் நானே கோப்பை இறக்கி, மீண்டும் அதே வழியில் நிறுவ வேண்டியிருக்கிறது. அந்த அறிவிப்பு 'புதுப்பிப்பு வராது' என்று சொல்லவில்லை, 'உரிமை இல்லை' என்றுதான் சொன்னது. அந்தச் சொல்தேர்வு மிகத் துல்லியமானது. இது தாங்கும் கணினி, ஆனால் நிறுவனம் பேணாத கணினி.

பேணல் என்பது திறனிலிருந்து எவ்வளவு விலகி நிற்கக்கூடியது என்பதற்கு இன்னொரு சான்று உண்டு. இன்டெல்லின் ஏழாம் தலைமுறை நுண்செயலிகள் பெரும்பாலும் பட்டியலுக்கு வெளியே இருந்தபோது, அத்தலைமுறையின் 7820எச்கியூ என்ற சில்லு விதிவிலக்காகப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. அதுவும் நவீன முறையில் எழுதப்பட்ட இயக்கிகளோடு (வன்பொருளை இயங்குதளத்தோடு இணைக்கும் 'டிரைவர்' நிரல்கள்) விற்பனைக்கு வந்த குறிப்பிட்ட கணினிகளில் இருந்தால் மட்டும். சில்லு ஒன்றுதான். ஒரு பெட்டிக்குள் அது பேணப்படுகிறது, இன்னொரு பெட்டிக்குள் பேணப்படவில்லை.

தாங்காமை, பேணாமை ஆகிய இவ்விரண்டுக்கும் நடுவே மூன்றாவது நிலை ஒன்று இருப்பதை மேக் கணினிகளில் காணலாம். 2012இல் வந்த பல மேக் கணினிகளின் வரைகலைச் சில்லுக்கான இயக்கிகளை மேக் இயங்குதளத்தின் 2021இல் வெளியான மான்டரே பதிப்பிலிருந்து ஆப்பிள் நீக்கிவிட்டது. சில்லு மாறவில்லை, முந்தைய ஆண்டு வரை அது தாங்கிக்கொண்டுதான் இருந்தது. பேணல் நின்றதால் தாங்குதிறனும் போயிற்று. தன்னார்வலர்கள் உருவாக்கிய 'ஓப்பன்கோர் லெகசி பேட்சர்' என்ற கருவி, நீக்கப்பட்ட இயக்கிகளை மீண்டும் இயங்குதளத்துக்குள் வைக்கிறது. இதற்காக, 2020இல் வந்த பிக் சர் பதிப்பு முதல், யாரும் மாற்றாதபடி முத்திரையிடப்பட்டிருக்கும் இயங்குதளக் கோப்புப் பகுதியின் முத்திரையை உடைக்க வேண்டும். சில பாதுகாப்புகளைத் தளர்த்த வேண்டும். ஒவ்வொரு புதுப்பிப்பும் அந்த ஒட்டுகளை அழித்துவிடும் என்பதால் மறுபடி ஒட்ட வேண்டும். 'பேட்ச்' என்பதற்குத் துணியில் போடும் 'ஒட்டு' என்ற சொல்லே போதும் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு இல்லை. கிழிந்த இடத்தில் வேறு துண்டை வைத்துத் தைக்கிறோம், துவைத்தால் பிரிகிறது, திரும்பத் தைக்கிறோம்.

திறமூல இயங்குதளமான லினக்ஸின் கருநிரலைப் பேணுவோர் இச்சொல்லை நம்மைவிட நுட்பமாகப் பகுத்திருக்கிறார்கள். கருநிரலோடு வரும் 'மெயின்டெய்னர்ஸ்' என்ற கோப்பில் ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு நிலை குறிக்கப்பட்டிருக்கும். 'சப்போர்ட்டட்' என்றால் ஊதியம் பெற்றுக்கொண்டு ஒருவர் கவனிக்கிறார் என்று அங்கே விளக்கம் உள்ளது. 'மெயின்டெய்ன்ட்' என்றால் ஒருவர் உண்மையில் கவனிக்கிறார். 'ஆர்ஃபன்' என்றால் இப்போது யாருமில்லை. முதல் இரண்டுக்கும் இடையே உள்ள வேறுபாடு ஊதியம் மட்டுமே, இரண்டும் பேணல்தான். மூன்றாவதற்கு நம் 'ஆதரவற்ற' எழுத்துக்கு எழுத்து பொருந்துகிறது. தவறான இடத்தில் உறுத்திய சொல் இங்கே தன் வீட்டுக்கு வந்துவிடுகிறது.

பேணுவதற்கு ஆட்களின் நேரம் செலவாகிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் லினக்ஸைத் தொடங்கியது இன்டெல் 386 கணினியில்; ஆனால் 2013 பிப்ரவரியில் வந்த 3.8 பதிப்பிலிருந்து 386க்கான பகுதியே கருநிரலில் இல்லை. பல நுண்செயலிகளை ஒருங்கே இயக்கும் பகுதியைத் திருத்த முற்படும்போதெல்லாம் 386க்கென்று தனியாக எழுதப்பட்டிருந்த நிரல் கூடுதல் வேலை வைத்ததே காரணம். பிறந்த வீட்டையே விட்டுவிட நேர்ந்தது என்றால் அச்சுமை எத்தகையது என்று உணரலாம்.

பழைய கணினியைப் பேணும் பொறுப்பைத் தாமே ஏற்றுக்கொள்பவர்கள், நிறுவனத்தின் பேணல் இயங்குதளத்தோடு முடிவதில்லை என்பதையும் அறிந்திருக்க வேண்டும். 2018 ஜனவரியில் ஸ்பெக்டர், மெல்ட்டவுன் என்ற நுண்செயலிப் பாதுகாப்புக் குறைகள் வெளியானபோது இன்டெல் தன் நுண்செயலிகளுக்குத் திருத்தங்கள் வெளியிட்டது. அதே ஆண்டு ஏப்ரலில் பென்ரின், உல்ஃப்டேல் போன்ற பழைய வகைகளுக்கு அப்பணியை நிறுத்திக்கொண்டது. அவ்வகைக் கணினியில் எவ்வளவு புதிய இயங்குதளம் ஏறினாலும், இயங்குதளத்தால் செய்ய முடிந்த தடுப்புகள் மட்டும் கிடைக்குமே தவிர, நுண்செயலிக்குரிய திருத்தம் வராது. மேல்தளம் பேணப்படுகிறது, அடித்தளம் பேணப்படவில்லை என்று இதைச் சொல்லலாம். 'ஆதரிக்கப்படாத' என்ற ஒற்றைச் சொல்லால் இவ்வேறுபாட்டைச் சொல்ல இயலாது.

ஆகவே திறனைக் குறிக்குமிடத்தில் 'தாங்கும், தாங்காத, தாங்குதிறன்' என்றும், பொறுப்பைக் குறிக்குமிடத்தில் 'பேணும், பேணாத, பேணல்' என்றும் எழுதலாம். 'எண்ட் ஆஃப் சப்போர்ட்' என்பது 'பேணல் முடிவு' ஆகும். விண்டோஸ் 10இன் பொதுவான பேணல் முடிந்தது 2025 அக்டோபர் 14 அன்று, அன்றைக்குப் பிறகும் அந்தக் கணினிகள் இயங்கிக்கொண்டுதான் இருக்கின்றன. லினக்ஸ் வகை இயங்குதளமான உபுண்டுவின் 'எல்டிஎஸ்' (லாங் டெர்ம் சப்போர்ட்) பதிப்பை 'நெடும்பேணல் பதிப்பு' எனலாம். அதன் வழக்கமான காலம் 5 ஆண்டுகள். 'பேணப்படாத' என்ற செயப்பாட்டு வடிவத்தைத் தவிர்த்து, 'நிறுவனம் பேணாத', 'ஆக்கியோர் பேணாத' என்று யார் என்பதையும் சேர்த்து எழுதுவது நல்லது. என் மடிக்கணினியில் அன்று எழுந்த அறிவிப்பை இம்முறையில் எழுதினால் இப்படி இருக்கும்: 'இக்கணினி விண்டோஸ் 11ஐத் தாங்கக்கூடும்; எனினும் எங்கள் நிறுவனம் இதைப் பேணாது; தொடர விரும்பினால் பேணும் பொறுப்பு உங்களுடையது.'