மைக்ரேனா, ஒத்தைத் தலைவலியா?

போன மாசம் அம்மாவ பாலிகிளினிக் கூட்டிட்டுப் போனேன், டாக்டர் சீனர், அம்மாவுக்கு இங்கிலீஷ் கொஞ்சம்தான் வரும், அதனால நடுவுல நான்தான் மொழிபெயர்ப்பு. "ஒத்தைத் தலைவலி, இருபது வருஷமா"ன்னாங்க, நானும் 'ஒன் சைட் ஹெட்ஏக்'னு சொல்லிட்டேன். எந்தப் பக்கம்னு கேட்டாரு. அம்மா முழிக்கிறாங்க, "ரெண்டு பக்கமும்தான்பா". அப்புறம் ஏம்மா ஒத்தைன்னு சொன்னீங்கன்னா, "அதுக்குப் பேரே அதுதானடா!"

டாக்டர் சிரிச்சுட்டாரு. மைக்ரேனுக்கும் அர்த்தம் அதேதானாம்.

வீட்டுக்கு வந்து தேடிப் பார்த்தேன், உண்மைதான். கிரேக்கத்துல ஹெமின்னா பாதி, க்ரானியோன்னா மண்டை ஓடு. 2ஆம் நூற்றாண்டுல கேலன்ங்கிற கிரேக்க மருத்துவர் ஹெமிக்ரானியான்னு எழுதிருக்காரு, அது லத்தீன் வழியா பிரெஞ்சுக்குப் போனப்ப முன்னாடி இருந்த 'ஹெ' கழண்டு மிக்ரேன் ஆகி, இங்கிலீஷ்ல மைக்ரேன். பாதித் தலைன்னு பேரு வச்ச சொல்லுக்கே தலை போயிடுச்சு பாருங்க. ஆயுர்வேதத்துல அர்த்தாவபேதகம், அதுலயும் அர்த்தன்னா பாதிதான்.

ஆக தமிழ்ல ஒற்றைத் தலைவலி, அதுல எனக்கு சண்டை இல்ல. ஆனா பேர நம்பி ஏமாறக்கூடாது, ரெண்டு பக்கம் வலிச்சாலும் மைக்ரேனா இருக்கலாம், மருந்து போடாம விட்டா 4 மணி நேரத்துலேர்ந்து 72 மணி நேரம் வரைக்கும் இழுக்கும், வெளிச்சம் சத்தம் ஆகாது, கொமட்டும். டாக்டர் இதத்தான் ஒவ்வொண்ணா கேட்டாரு. அப்புறம் "த்ராபிங்கா?"ன்னாரு, நான் தடுமாறினேன், அம்மா நெத்திப்பொட்டுல விரல வச்சு "விண்ணு விண்ணுனு தெறிக்குது"ன்னாங்க. இதுக்கு மேல என்ன வேணும்? மண்டையிடின்னு ஊர்ல சொல்றதும் அந்த இடிக்கிற வலியத்தானே.

ஆரான்னு இன்னொரு சொல் வந்துச்சு. கிரேக்கத்துல இளங்காத்துன்னு அர்த்தம், மைக்ரேன்ல வலிக்கு முன்னாடி சிலருக்கு கண்ணுல வளைஞ்சு வளைஞ்சு ஒளிக்கோடு தெரியுமே, அது. ஒளிவட்டம்னு மொழிபெயர்த்தா சாமி படம் ஞாபகம் வரும், முன்னறிகுறின்னு சொல்லலாம். அம்மாவக் கேட்டா "கண்ணுல பூச்சி பறக்கும்".

கடைசியா, மாசத்துல எத்தன நாள் பனடால், அதான் பாராசிட்டமால் வலி மாத்திரை? அம்மா எண்ணினதே இல்ல. மாசத்துக்கு 15 நாளோ அதுக்கு மேலயோன்னு மாசக்கணக்குல தொடர்ந்து போட்டா மாத்திரையே தலைவலியக் கொண்டு வருமாம், குறிச்சு வச்சுட்டு வாங்கன்னு அனுப்பிட்டாரு. இப்ப அடுப்படி காலண்டர்ல கட்டம் கட்டமா எழுதுறாங்க: ஒரு பக்க வலிக்கு குறில் ஒ, ரெண்டு பக்கத்துக்கு நெடில் ஓ, மாத்திரை போட்டா பக்கத்துல ஒரு புள்ளி. இந்த வாரம் ரெண்டு ஒ, ஒரு ஓ, புள்ளி மூணு.