கொக்கைத் திட்டுவதற்கு முன் குளத்துக்குள் பாருங்கள்

போன மாதம் புதுக்குடியிருப்புப் பக்கம் ஒரு வளவில் இருந்து அழைப்பு வந்தது. "சேர், மீனெல்லாம் திண்ட கள்ளனைப் பிடிச்சிட்டன், வந்து பாருங்கோ." போனேன். மாமரத்தடியில் உரப்பையின் மேல் மீன்பிடிப் பூனை ஒன்று விறைத்துக் கிடந்தது. வளவுக்கார அண்ணைக்கு அது சிறுத்தைக் குட்டி. அடுப்படி ஜன்னலால் வந்த கரண்ட் வயர், மீன் வளர்க்கிற குளத்தைச் சுற்றி முழங்கால் உயரத்தில் இழுத்திருந்த கம்பியில் போய் முடிந்தது. அதற்குப் பத்தடி தள்ளி அவருடைய சின்னவள் சைக்கிள் ஓடிக்கொண்டிருந்தாள். "பகலில நிப்பாட்டிப் போடுவன் சேர்" என்றார்.

வயரைக் கழற்ற வைத்த பிறகுதான் மற்றக் கதை பேசினேன்.

இரண்டு நாள் கழித்து வோட்டர் பம் வைத்துத் தண்ணீரை இறைத்தோம். 1000 குஞ்சு விட்ட குளம் அது. வலையில் வந்தவை 170 திலாப்பியா. கூடவே 13 விரால், ஒவ்வொன்றும் என் முன்னங்கை மொத்தம். ஒன்றின் வயிற்றைக் கீறிப் பார்த்தால், விரல் நீளத்தில் மூன்று திலாப்பியாக் குஞ்சு, இன்னும் செதில்கூடக் கழலவில்லை. அண்ணை ஒன்றும் பேசவில்லை. குஞ்சு விடுவதற்கு முன் குளத்தைக் காய விட்டீர்களா என்று கேட்டேன். "தண்ணி கிடந்தது, அதுக்கு மேல விட்டனான்" என்றார்.

இந்த வருடம் இப்படி நான் பார்ப்பது இது மூன்றாவது. அதனால்தான் எழுதுகிறேன்.

எங்கள் ஆட்களுக்கு ஒரு பழக்கம். கரையில் எது நிற்கிறதோ அதுதான் கள்ளன். விடிய எழும்பிப் போனால் நாலு வெள்ளைக் கொக்கு வரம்பில் நிற்கும். உடனே பட்டாசு, கவண், சிலர் செத்த கொக்கைத் தடியில் கட்டித் தொங்கவிடுவது வரைக்கும் போய்விடுகிறார்கள். ஐயா, அந்தக் கொக்கு ஏன் இன்றைக்கு வந்தது, நேற்று ஏன் வரவில்லை என்று ஒருநாளாவது யோசித்தீர்களா? தண்ணீர் பச்சைப் பசேலென்று பாசி பிடித்திருக்கும். நீங்களும் தவிட்டை அள்ளிக் கொட்டியிருப்பீர்கள். இரண்டு நாள் மப்பும் மந்தாரமுமாக இருந்தால், விடியப்புறம் தண்ணீரில் ஒட்சிசன் இல்லாமல் மீன் மேலே வந்து வாயைப் பிளக்கும். கொக்குக்கு வேறென்ன வேண்டும்? அது தின்பது பத்து மீன் என்றால், மூச்சுமுட்டிச் சாவது நூறு. செத்ததில் பாதி அடியில் கிடந்து அழுகும், உங்கள் கண்ணில் படாது. கணக்கு முழுவதும் கொக்கின் தலையில்.

சந்தேகம் இருந்தால் விடியற்காலை நாலரை, ஐந்து மணிக்கு ரோச் லைற்றோடு போய்ப் பாருங்கள். தண்ணீர் மட்டத்தில் வாய் வாயாகத் தெரிந்தால் கொக்கை விட்டுவிட்டுப் பம்பைப் போடுங்கள். தண்ணீரை உயரத்தில் இருந்து சிதறி விழ விடுங்கள். அன்றைக்குத் தீன் போடவேண்டாம்.

அடுத்தது விரால். இதுவும் வெளியில் தெரியாது. மாரியில் வாய்க்காலால் வரும், ஈரத் தரையில் ஊர்ந்தும் வரும், சேற்றுக்குள் புதைந்து கோடையைக் கழிக்கவும் அதற்குத் தெரியும். ஆகவே அடி மண் பாளம் பாளமாக வெடிக்கும் வரை குளத்தைக் காய விட்டு, சுண்ணாம்பு போட்டு, அதற்குப் பிறகுதான் தண்ணீர். தண்ணீர் வருகிற வாயிலில் நுளம்பு வலை மாதிரி நெருக்கமான வலையை இரட்டையாகக் கட்டி, தினமும் கழுவுங்கள். கழுவாவிட்டால் அடைத்துக்கொள்ளும், பிறகு நீங்களே அதைக் கழற்றி எறிவீர்கள். எத்தனை இடத்தில் பார்த்துவிட்டேன்.

சரி, காட்டு உயிர்கள் மீன் தின்னாதா? தின்னும், நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு தடயம் விடும். நீர்நாய் பெரிய மீனைக் கரைக்கு இழுத்துப் பாதியில் விட்டுப் போகும். வரம்பில் உயர்ந்த கல்லோ கட்டையோ இருந்தால், அதன் மேல் செதிலும் முள்ளுமாக மீன் நாற்றத்தோடு எச்சம் கிடக்கும். சேற்றில் அதன் அடிக்கு ஐந்து விரல் தெரியும், பூனை அடிக்கு நாலுதான். மீன்பிடிப் பூனைக்கு நகம் முழுதாக உள்ளே போகாது என்பதால் நகக்குறியும் விழும், நாய் என்று ஏமாந்துவிடாதீர்கள். சிறுத்தைக்கு வால் நீளம், இதற்குக் குட்டை. உடம்பில் புள்ளிகள் வரிசை வரிசையாக ஓடும். நீர்க்காகம் விழுங்கிவிட்டுப் போய்விடும், மிச்சம் இருக்காது. தப்பின மீனின் இரண்டு பக்கமும் கொத்துக் காயம் இருந்தால் அதன் வேலைதான். பெரிய நீர்க்காகம் ஒன்று நாளுக்கு ஏறக்குறைய அரைக் கிலோ மீன் தின்னும். கூட்டமாக வந்தால் சின்னக் குளம் தாங்காது.

பறவைக்கு வெருளி வைப்பது மூன்று நாளைக்கு உதவும். நாலாம் நாள் நீர்க்காகம் அதன் கையிலேயே இருந்து செட்டை காயவைக்கும். குளத்துக்குக் குறுக்கே ஒரு முழ இடைவெளியில் தடித்த கயிறு இழுத்துக் கட்டுங்கள். தொய்வில்லாமல், கண்ணுக்குத் தெரிகிற நிறத்தில். முல்லைத்தீவுக் கரையில் சும்மா கிடைக்கிறதென்று தங்கூசி வலையை, அதுதான் ஒற்றை நைலோன் இழை வலையை, கொண்டுவந்து மூடாதீர்கள். கடலிலேயே தடைசெய்த வலை அது. கொக்கும் ஆமையும் பாம்பும் சிக்கி அழுகும், அந்தத் தண்ணீரில்தான் உங்கள் மீன் நிற்கிறது. கரையைச் சரிவாக விடாமல் செங்குத்தாக வெட்டினால் கொக்குக்கு நிற்க இடம் இல்லை. நடுவில் ஒரு ஆள் நெஞ்சளவு ஆழம் வேண்டும். பனையோலை, கருக்கு மட்டை, முள்ளுக் கொப்பு எல்லாவற்றையும் ஒரு மூலையில் அமிழ்த்தி வையுங்கள். மீனுக்கு ஒளிப்பிடம். இரவில் வீச்சுவலையோடு வருகிற இரண்டு கால் நீர்நாய்க்கும் அதுதான் மருந்து.

நீர்நாய்க்கும் பூனைக்கும் தகரம். மீளக் குடியேறின காலத்தில் கொட்டிலுக்குத் தந்த தகரம் எத்தனை வளவில் சும்மா துருப்பிடிக்கிறது! அரை முழம் மண்ணுக்குள் புதைத்து, மேலே இடுப்பளவு நிற்கிற மாதிரிச் சுற்றி அடையுங்கள். தோண்டவும் ஏலாது, பிடித்து ஏறவும் ஏலாது. ஒரு நாயை வரம்பில் கட்டினால் இன்னும் நல்லது. கோடையில் குளங்கள் வற்றும்போது முதலை இடம் மாறும். அது வந்தால் நீங்கள் கை வைக்கவேண்டாம், வனசீவராசிகள் திணைக்களத்துக்குச் சொல்லுங்கள்.

கரண்ட் கம்பியும், வயலுக்கு அடிக்கிற மருந்தைத் தடவிய மீனும் வேண்டாம். மீன்பிடிப் பூனையும் நீர்நாயும் 1937ஆம் ஆண்டின் தாவர, விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தால் பாதுகாக்கப்பட்டவை, கொன்றால் வழக்கு. அதை விடுங்கள். அந்தக் கம்பிக்குப் பூனை எது, பிள்ளை எது என்று தெரியாது. மருந்து வைத்த மீனை முதலில் தின்பது உங்கள் வீட்டு நாய்தான். இதைப் படிக்கிற யாருடைய வளவிலாவது இப்போது அந்த வயர் இருந்தால், தயவுசெய்து எழும்பிப் போய்க் கழற்றிவிட்டு வாருங்கள்.

புதுக்குடியிருப்பு அண்ணை நேற்று அழைத்தார். குளம் காய்ந்து மண் வெடித்துவிட்டதாம், குஞ்சு எப்போது தருவீர்கள் என்று கேட்டார். வாய்க்கால் வாயிலுக்கு வலை கட்டியாச்சா என்றேன். "நாளைக்குக் கட்டுறன் சேர்" என்றார். கட்டட்டும். அப்புறம்தான் குஞ்சு.